கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓட மறுக்கிறது: லினக்ஸ் சர்வரில் அனுமதிச் சிக்கலைத் தேடிப் பிடிக்கும் வழி

இரவு 2 மணிக்கு ஓட வேண்டிய பேக்கப் ஓடவில்லை என்பது, யாராவது பழைய கோப்பு ஒன்றைக் கேட்கும் நாளில்தான் தெரியவரும். இந்த மாதிரி அழைப்புகளுக்குப் போய்ப் போய் ஒன்று பழகிவிட்டது. நான் போய் உட்கார்வதற்குள் அங்கே யாரோ ஒருவர் சிஹெச்மாட் 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று கோப்பைத் திறந்துவிடும் கட்டளை) போட்டு முடித்திருப்பார். அதனால் முதல் கோளாறு மறைந்திருக்கும், அல்லது மறைந்த மாதிரி இருக்கும். ஆனால் எஸ்எஸ்ஹெச் சாவியும் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சாவி) லாக்ரொடேட்டும் (லாக் கோப்புகளைச் சுழற்றும் நிரல்) புதிதாகப் படுத்திருக்கும். அது ஏன் என்று கீழே வரும்.

இது டெபியன், உபுண்டு, ரெட்ஹேட் வகைச் சர்வர்களுக்கானது. கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். உங்களுடைய அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எதற்கும் முன்: யாராக ஓடுகிறது?

"இந்தக் கோப்புக்கு என்ன அனுமதி?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "கேட்பது யார்?" என்று யாரும் கேட்பதில்லை. ஓடாத ஸ்கிரிப்டின் தலையில் ஐடி, பிடபிள்யூடி, யூமாஸ்க், என்வ் என்று நான்கு கட்டளைகளைப் போட்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் விழச் செய்யுங்கள். அடுத்த முறை தானாக ஓடும்போது எந்தப் பயனராக, எந்த டைரக்டரியில், எந்தக் குழுக்களோடு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பாதிச் சிக்கல் இதிலேயே முடிந்துவிடும்: "டெப்ளாய்" கணக்கில் ஓடுவதாக நாம் நினைத்த வேலை "ஜென்கின்ஸ்" கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். சிக்கல் தீர்ந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள், என்வ் வெளியீட்டில் பாஸ்வேர்டுகள் கிடப்பது சகஜம்.

சோதிப்பதையும் அந்தப் பயனராகவே செய்யுங்கள். சேவைக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் நோலாகின் ஷெல்தான் (யாரும் நுழைய முடியாதபடி வைத்தது) இருக்கும், எஸ்யூ (பயனர் மாறும் கட்டளை) போட்டால் "இந்தக் கணக்கு இப்போது கிடைக்காது" என்று திருப்பி அனுப்பிவிடும். சூடோ (வேறொரு பயனராகக் கட்டளையை ஓட்டுவது) மைனஸ் யூ போட்டுப் பயனர் பெயரையும் கட்டளையையும் கொடுத்தால் ஓடும். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) நின்று "எனக்கு ஓடுகிறதே" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

அறிகுறி 1: கையால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை

க்ரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் சேவை, க்ரான்டேப் அதன் வேலைப் பட்டியல். முதலில் லாக்கைத் திறக்க வேண்டும். ரெட்ஹேட் வகையில் /வார்/லாக்/க்ரான், டெபியன் வகையில் /வார்/லாக்/சிஸ்லாக். சிஸ்லாக் இல்லையென்றால் ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ க்ரான். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

*லாக்கில் அந்த வேலையின் வரியே இல்லை*

க்ரான் அதை ஓட்ட முயலவே இல்லை என்று அர்த்தம். எளிதில் பார்க்கக்கூடியவை முதலில்:

- எந்தக் க்ரான்டேபில் எழுதினீர்கள்? சூடோ போட்டுக் க்ரான்டேப் மைனஸ் ஈ திறந்தால் அது ரூட்டின் பட்டியல், உங்களுடையது அல்ல.
- /ஈடிசி/க்ரான்.டி டைரக்டரியில் வைத்தீர்களா? அங்கே நேரத்துக்கும் கட்டளைக்கும் நடுவே பயனர் பெயர் என்று ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். அதை விட்டுவிட்டால் கட்டளையின் முதல் சொல்லையே பயனர் பெயராகப் படித்துவிட்டு, அப்படி ஒரு பயனர் இல்லை என்று க்ரான் புலம்பும்.
- டெபியன் வகையில் அந்தக் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். "பேக்கப்.எஸ்ஹெச்" என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு நாள் தேடியவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.
- அந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், குழுவோ பிறரோ அதில் எழுத முடியக் கூடாது. இங்கே 777 போட்டால் வேலை நின்றுவிடும்.
- /ஈடிசி/க்ரான்.அலோவ் என்ற கோப்பு இருந்தால், அதில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே சொந்தக் க்ரான்டேப்.

*வரி இருக்கிறது, வேலை நடக்கவில்லை*

"எம்டிஏ இல்லை, வெளியீட்டைத் தூக்கி எறிகிறேன்" என்ற பொருளில் டெபியன் வகையில் ஒரு வரி வரும் (எம்டிஏ என்பது மெயில் அனுப்பும் நிரல்). பிழைச் செய்தி எங்கே போயிற்று என்று அதுதான் சொல்கிறது. க்ரான்டேப் வரியின் முடிவில் வெளியீட்டையும் பிழையையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட விடுங்கள். அப்புறம் வெளியேறும் எண்ணை (கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண்) பாருங்கள்.

127 வந்தால் கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள், அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயனர் க்ரான்டேபில் பாத் (கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்) என்பது வழக்கமாக /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும்தான். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் நீங்கள் நிறுவியது அதன் கண்ணில் படாது. முழுப் பாதையை எழுதுங்கள்.

126 வந்தால் கோப்பு இருக்கிறது, ஓட்ட முடியவில்லை. ஓட்டும் அனுமதி விழவில்லை, அல்லது கோப்பு இருக்கும் டிஸ்க் பகுதி நோஎக்ஸெக் என்று பூட்டப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்காக /டெம்ப் டைரக்டரியை இப்படிப் பூட்டுவது பல இடங்களில் வழக்கம். ஃபைண்ட்மவுன்ட் மைனஸ் பெரிய டி (டார்கெட்) போட்டுப் பாதையைக் கொடுத்தால் காட்டிவிடும்.

அனுமதிச் சிக்கல் போலவே வேஷம் போடும் மூன்று விஷயங்களையும் இங்கேயே கழித்துவிடலாம். க்ரான்டேப் வரியில் % குறி இருந்தால் அது புதிய வரியாகிவிடும், முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும். க்ரான் ஓட்டுவது எஸ்ஹெச் ஷெல், டெபியனில் அது டேஷ். க்ரான்டேப் வரியிலேயே பேஷுக்கு உரிய எழுத்துமுறையை எழுதியிருந்தால் அது உடையும். விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்த கோப்பென்றால் முதல் வரியின் கடைசியில் ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். அப்போது கோப்பு கண்ணெதிரே இருந்தும் "இல்லை" என்று சொல்லும். டாஸ்2யூனிக்ஸ் போட்டால் சரி.

அறிகுறி 2: நேற்று வரை ஓடியது, இன்று "பர்மிஷன் டினைடு"

எனக்கு வந்த அழைப்புகளில் அதிகமானவை இந்த வகைதான். "எதையும் மாற்றவில்லை" என்று சத்தியம் செய்வார்கள். பொய் சொல்வதில்லை, மாற்றியது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

யாரோ ஒருவர் பகலில் அந்த ஸ்கிரிப்டை ஒரே ஒரு தடவை சூடோ போட்டு ஓட்டிப் பார்த்திருப்பார். அது அழகாக ஓடி முடிந்து, போகும்போது ஒரு லாக் கோப்பையோ பூட்டுக் கோப்பையோ ரூட்டின் பெயரில் உருவாக்கிவிட்டுப் போயிருக்கும். இரவு சேவைக் கணக்கு வந்து அதே கோப்பில் எழுதப் பார்த்து முட்டிக்கொள்கிறது. கிட் புல்லை ரூட்டாகச் செய்வதும் இதே கதை. அந்த டைரக்டரியில் ஃபைண்ட் மைனஸ் யூசர் ரூட் போட்டுப் பாருங்கள். வந்து விழும் கோப்புகளைச் சிஹெச்ஓன் மூலம் உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள். முழு டைரக்டரிக்கும் மைனஸ் பெரிய ஆர் போடும் முன் எந்த டைரக்டரியில் நிற்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட் கோப்பு எதுவும் இல்லையென்றால் அடுத்தது பாஸ்வேர்டு கெடு. ஆளே நுழையாத சேவைக் கணக்குக்கு எதற்குப் பாஸ்வேர்டு கெடு என்று தோன்றும். ஆனால் "எல்லாக் கணக்குக்கும் 90 நாள்" என்று ஒரு விதி போடும்போது அதில் இதுவும் மாட்டிக்கொள்ளும். க்ரான் ஒவ்வொரு முறையும் பாம் (கணக்குகளைச் சரிபார்க்கும் லினக்ஸ் அமைப்பு) வழியாகக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிறது. கெடு முடிந்த நாளிலிருந்து அந்தக் கணக்கின் எல்லா வேலைகளும் ஒன்றாக நிற்கும். ஒரு அலுவலகத்தில் மூன்று சர்வர்களில் ஒரே நாளில் பேக்கப் நின்றது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பதறி என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றிலும் அந்தக் கணக்கை ஒரே நாளில் உருவாக்கியிருந்தார்கள், அதனால் 90 நாளும் ஒரே நாளில் முடிந்தது.

பார்ப்பது சேஜ் மைனஸ் எல், பிறகு பயனர் பெயர். லாக்கில் "ஆத்தென்டிகேஷன் டோக்கன் செல்லாது, புதியது வேண்டும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சேஜ் மைனஸ் பெரிய எம் மைனஸ் 1 கெடுவை நீக்கிவிடும். அதற்கு முன் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விதியைப் போட்டவர் அவராக இருப்பார், அடுத்த தணிக்கையில் கேள்வி உங்களிடம் வரும்.

லாக்ரொடேட்டும் இந்தப் பட்டியலில் உண்டு. கோப்பைச் சுழற்றிவிட்டுப் புதியதை வேறு சொந்தக்காரர் பெயரில் உருவாக்கினால் மறுநாள் காலை எழுத முடியாது. அதன் அமைப்பில் கிரியேட் வரியைச் சரிபாருங்கள். லாக் டைரக்டரியில் எல்லோரும் எழுதலாம் என்று விட்டிருந்தால் "பெற்றோர் டைரக்டரி பாதுகாப்பாக இல்லை" என்று சொல்லிச் சுழற்றவே மறுக்கும். 777-இன் புண்ணியம் இது.

அறிகுறி 3: சூடோ பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிடுகிறது

தானாக ஓடும் வேலையில் பாஸ்வேர்டு தட்ட ஆள் இல்லை. "டெர்மினல் வேண்டும்" அல்லது "பாஸ்வேர்டு வேண்டும்" என்று செய்தி வரும். ஸ்கிரிப்டில் எப்போதும் சூடோ மைனஸ் என் என்றே எழுதுங்கள். தொங்கிக்கொண்டு நிற்காமல் உடனே விழும், லாக்கிலும் பிழை தெரியும்.

சூடோ மைனஸ் எல் மைனஸ் பெரிய யூ போட்டுப் பயனர் பெயரைக் கொடுத்தால் அவருக்கு உண்மையில் என்ன அனுமதி என்று வரும்.

*விதி அதில் வரவே இல்லை:* /ஈடிசி/சூடோயர்ஸ்.டி டைரக்டரியில் (சூடோ விதிகள் இருக்கும் இடம்) கோப்பின் பெயரைப் பாருங்கள். இங்கேயும் பெயரில் புள்ளி இருந்தால் படிக்காது. கோப்பின் அனுமதி 440 (சொந்தக்காரரும் குழுவும் படிக்க மட்டும்) இருக்கட்டும்.

*விதி வருகிறது, ஆனாலும் பாஸ்வேர்டு கேட்கிறது:* சூடோயர்ஸில் கடைசியாகப் பொருந்தும் விதிதான் செல்லும். நோபாஸ்வேர்டு விதியை நீங்கள் மேலே எழுதி, கீழே அந்தப் பயனர் இருக்கும் குழுவுக்குப் பொது விதி இருந்தால் கீழே இருப்பது ஜெயிக்கும். உங்கள் விதியைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள்.

*கையால் ஓட்டும்போது கேட்கவில்லை, ஸ்கிரிப்டில் கேட்கிறது:* கட்டளையின் முழுப் பாதையும், விதியில் வாதங்கள் எழுதியிருந்தால் அந்த வாதங்களும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். நீங்கள் சற்றுமுன் பாஸ்வேர்டு தட்டியதைச் சூடோ சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும், அதனால் கையால் ஓட்டிப் பார்ப்பது ஏமாற்றும். சூடோ மைனஸ் கே போட்டு அதை மறக்கடித்த பிறகு சோதியுங்கள்.

பழைய ரெட்ஹேட் 6 காலத்துச் சர்வரென்றால் "டிடிஒய் (டெர்மினல்) இருந்தால்தான் சூடோ" என்ற ரிக்கொயர்டிடிஒய் விதி இயல்பாகவே இருக்கும். அந்தக் கணக்குக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

திருத்துவதெல்லாம் விசூடோவில்தான் (சூடோ விதிகளைத் திருத்தும் கட்டளை). இன்னொரு ஜன்னலில் ரூட்டாக நுழைந்து அதைத் திறந்தே வைத்திருங்கள். ஒரு காற்புள்ளி இடம் மாறினால் சூடோவே படுத்துவிடலாம், அப்போது அந்த ஜன்னல்தான் ஏணி.

இப்போது கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். சிக்கல் தீரவில்லை என்று "எல்லாம், பாஸ்வேர்டு வேண்டாம்" என எழுதிவிடுவது மனித இயல்பு. எழுதாதீர்கள். ஒரு சேவையை மறுதொடக்கம் செய்வதுதான் வேலை என்றால் அந்த ஒரு சிஸ்டம்சிடிஎல் வரியை மட்டும் முழுதாக எழுதுங்கள். விஐ, லெஸ், ஃபைண்ட், டார் இவற்றில் எதைக் கொடுத்தாலும் ரூட் ஷெல்லையே கொடுத்த மாதிரி, உள்ளிருந்தே ஷெல் திறக்க முடியும். வாதத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அது இடைவெளியையும் சாய்கோட்டையும் சேர்த்தே விழுங்கும், நீங்கள் நினைத்ததை விட வாசல் பெரிதாகத் திறக்கும். ரூட்டாக ஓட்ட அனுமதித்த ஸ்கிரிப்டை அந்தப் பயனரே திருத்த முடிந்தால் விதியே வீண். ஸ்கிரிப்டும் அது இருக்கும் டைரக்டரியும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கட்டும்.

அன்சிபிள் (பல சர்வர்களைத் தானாக அமைக்கும் கருவி) பயன்படுத்துவோருக்கு: சூடோயர்ஸில் இரண்டு கட்டளை மட்டும் கொடுத்துவிட்டு பிகம் (வேறு பயனராக மாறும் அதன் வசதி) ஓட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது ஒவ்வொரு முறையும் மாறும் பெயரில் தற்காலிகக் கோப்பை ஷெல் வழியாக ஓட்டுகிறது, கட்டளைப் பட்டியலில் அடங்காது. ரூட் அல்லாத ஒரு பயனரிலிருந்து ரூட் அல்லாத இன்னொருவருக்கு மாறும்போது தற்காலிகக் கோப்புக்கு அனுமதி வைக்க முடியவில்லை என்று வந்தால், அந்தச் சர்வரில் ஏசிஎல் (தனித்தனிப் பயனருக்கு அனுமதி வைக்கும் வசதி) தொகுப்பை நிறுவிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

அறிகுறி 4: எஸ்எஸ்ஹெச் சாவி இருக்கிறது, உள்ளே விடவில்லை

சோதிக்கும்போது பேட்ச்மோடு யெஸ் என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். கேள்வி கேட்டு நிற்காமல் நேரே பிழையைக் காட்டும்.

அந்தப் பக்கத்துச் சர்வரின் லாக்கில் "டைரக்டரியின் சொந்தக்காரரோ அனுமதியோ சரியில்லை" என்று இருந்தால், ஹோம் டைரக்டரியிலோ .எஸ்எஸ்ஹெச் டைரக்டரியிலோ வேறு யாரோ எழுத முடிகிறது என்று பொருள். .எஸ்எஸ்ஹெச் 700, ஆத்தரைஸ்டு கீஸ் (ஏற்கப்படும் சாவிகளின் பட்டியல்) 600, இரண்டும் சொந்தக்காரருக்கு மட்டும் என்று பொருள், ஹோமில் குழுவுக்கும் பிறருக்கும் எழுதும் அனுமதி கூடாது. 777 போட்ட மறுநாள் சாவி வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் காரணம். இந்தப் பக்கத்தில் தனிச்சாவி 644-ஆக (பிறரும் படிக்கலாம்) கிடந்தாலும் "அனுமதி அதிகம்" என்று சொல்லி அதைத் தொடாது.

கையால் நுழைய முடிகிறது, க்ரானில் முடியவில்லை என்றால் உங்கள் சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் (சாவியைத் திறக்கும் ரகசியச் சொல்) இருக்கிறது, பகலில் ஏஜென்ட் (திறந்த சாவியை வைத்திருக்கும் நிரல்) அதை நினைவில் வைத்திருக்கிறது. இரவில் ஏஜென்ட் இல்லை. அல்லது அந்தச் சேவைக் கணக்கின் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மறுபக்கத்துச் சர்வரின் அடையாளம் இல்லை, "ஹோஸ்ட் கீ சரிபார்ப்பு தோல்வி" என்று விழும். தானியங்கி வேலைக்குத் தனியாகப் பாஸ்ஃபிரேஸ் இல்லாத சாவி ஒன்றை உருவாக்கி, ஆத்தரைஸ்டு கீஸில் அதன் வரிக்கு முன்னால் ரெஸ்ட்ரிக்ட், ஃப்ரம், கமாண்ட் மூன்றையும் போட்டுக் கட்டிவிடுவது என் வழக்கம்.

சர்வரை மேம்படுத்திய மறுநாள் நின்றதா? 2021-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல், எஸ்ஹெச்ஏ-1 கையொப்பத்தோடு வரும் ஆர்எஸ்ஏவை இயல்பாக ஏற்பதில்லை. உபுண்டு 22.04-இல் இருப்பது 8.9. பழைய கிளையன்ட் நூலகங்கள் இங்கேதான் மாட்டும். ஈடி25519 சாவி ஒன்றை உருவாக்கி மாற்றுங்கள், சர்வரில் பழையதைத் திறந்துவிடுவது கடைசி வழி.

அறிகுறி 5: குழுவில் சேர்த்தாகிவிட்டது, பலனில்லை

குழு என்பது நுழையும் நேரத்தில் ஒட்டப்படும் சீட்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைக்குப் புதுச் சீட்டு கிடைக்காது. ஜென்கின்ஸை ஒரு குழுவில் சேர்த்தால் ஜென்கின்ஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

யூசர்மாட் மைனஸ் பெரிய ஜி மட்டும் போட்டு, சிறிய ஏ-வை மறந்திருந்தால் பழைய துணைக் குழுக்கள் எல்லாம் பறிபோயிருக்கும். ஒன்று ஓட ஆரம்பித்து வேறு நான்கு நின்றால் உடனே இதைப் பாருங்கள்.

டாக்கர் குழுவில் ஒரு கணக்கைச் சேர்ப்பது ரூட் கொடுப்பதற்குச் சமம். "குழுதானே" என்று சாதாரணமாகச் சேர்த்துவிடாதீர்கள்.

அறிகுறி 6: எல்எஸ்-இல் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மறுக்கிறது

நேம்ஐ மைனஸ் எல் போட்டு முழுப் பாதையைக் கொடுங்கள். மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு டைரக்டரியிலும் அந்தப் பயனருக்கு எக்ஸ் அனுமதி வேண்டும். கடைசிக் கோப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம், நடுவில் ஒரு டைரக்டரி 700-ஆக இருக்கும். எல்எஸ் வரியில் அனுமதி எழுத்துகளுக்குப் பின்னால் + இருந்தால் ஏசிஎல் இருக்கிறது, கெட்எஃப்ஏசிஎல் போட்டு மாஸ்க் வரியைப் பாருங்கள்.

*சிஸ்டம்டி (சேவைகளை எழுப்பி நிர்வகிக்கும் நிரல்) சேவையாக ஓட்டும்போது மட்டும்:* நிலையில் வரும் எண்ணே பாதி பதில். 217 என்றால் பயனர் பெயர் தவறு, 200 என்றால் வேலை டைரக்டரிக்குள் போக முடியவில்லை, 203 என்றால் கோப்பை ஓட்ட முடியவில்லை, 226 என்றால் அடைப்பை (சேவையைத் தனிமைப்படுத்தும் வேலி) அமைக்க முடியவில்லை. ஓட ஆரம்பித்து, எழுதும்போது "படிக்க மட்டும்" என்று வந்தால் யூனிட் கோப்பில் ப்ரொடெக்ட்சிஸ்டம் இருக்கும். அதை எடுக்க வேண்டாம், ரீட்ரைட்பாத்ஸில் அந்த டைரக்டரியைச் சேருங்கள். பயனர் நிலை டைமர் என்றால், அவர் வெளியேறியதும் நிற்பது இயல்பு. லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் வேண்டும்.

*ரெட்ஹேட் வகையில், 203 வருகிறது, அனுமதி 755:* எஸ்ஈ லினக்ஸ் (கோப்புகளுக்கு முத்திரை குத்தி, வழக்கமான அனுமதிக்கு மேல் இன்னொரு காவல் வைக்கும் அமைப்பு). ஸ்கிரிப்டை ஹோமில் எழுதி, எம்வி மூலம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுக்கு நகர்த்தியிருப்பீர்கள். எம்வி பழைய முத்திரையைத் தூக்கிக்கொண்டே வரும், சிபி செய்திருந்தால் புது இடத்து முத்திரை விழுந்திருக்கும். எல்எஸ் மைனஸ் பெரிய இசட் காட்டும், ரெஸ்டோர்கான் சரிசெய்யும். ஆசெர்ச் மைனஸ் எம் ஏவிசி போட்டால் மறுத்ததன் பதிவு கிடைக்கும். செட்என்ஃபோர்ஸ் 0 சோதிக்க மட்டும், இரண்டு நிமிடம், அப்புறம் 1.

*ரூட்டுக்கே மறுக்கிறது:* என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க்) என்றால் ரூட் ஸ்குவாஷ், மறுபக்கம் உங்களை நோபடியாக (அதிகாரமில்லாத கணக்காக) பார்க்கிறது. உள்ளூர் டிஸ்க் என்றால் எல்எஸ்ஏடிடிஆர் போட்டு, கோப்பை மாற்ற முடியாமல் பூட்டும் ஐ குறி இருக்கிறதா என்று பாருங்கள். /டெம்ப்பில் வேறொருவர் உருவாக்கிய கோப்பில் ரூட்டாக எழுதப் பார்க்கிறீர்களா? கர்னல் 4.19 முதல் ப்ரொடெக்டட் ரெகுலர் என்று ஒரு பாதுகாப்பு உண்டு, அது இயக்கத்தில் இருந்தால் ரூட்டையும் தடுக்கும். அந்தக் கோப்பை /டெம்ப்பிலிருந்து வெளியே கொண்டுபோவதுதான் வழி.

எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்

சூடோ படுத்துவிட்டது, ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, திறந்த ஜன்னலும் இல்லை. மீட்பு முறையில் எழுப்ப வேண்டும். பழக்கமில்லாதவர் நிஜப் பயன்பாட்டில் உள்ள சர்வரில் முதல் தடவையாக முயல வேண்டாம்.

சிஹெச்மாட்டையோ சிஹெச்ஓனையோ வேரிலிருந்தே மைனஸ் பெரிய ஆரோடு ஓட்டிவிட்டீர்கள். சூடோ, "நான் ரூட்டுக்குச் சொந்தமாக, செட்யூஐடியோடு (சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓட வைக்கும் குறி) இருக்க வேண்டும்" என்று சொல்லி நிற்கும். மறுதொடக்கம் செய்யாதீர்கள், திறந்திருக்கும் இணைப்புகளை மூடாதீர்கள். அனுபவமுள்ளவர் அந்த இணைப்பின் வழியாகவே கொஞ்சமாவது மீட்பார், இல்லையென்றால் பேக்கப்பிலிருந்து எழுப்புவதுதான்.

கணக்குகள் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்தோ எல்டாப்பிலிருந்தோ (மையக் கணக்குப் பட்டியல்கள்) வருகின்றன, பல சர்வர்களில் ஒரே நேரத்தில் மறுக்கிறது என்றால் உங்கள் சர்வரில் தேடி நேரத்தை வீணாக்காமல் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் குழுவிடம் போங்கள். எஸ்ஈ லினக்ஸில் ரெஸ்டோர்கானுக்கு அடங்காமல் புதிய விதி எழுத வேண்டும் என்ற நிலை வந்தாலும் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆத்தரைஸ்டு கீஸில் நீங்கள் சேர்க்காத சாவியோ, சூடோயர்ஸில் தெரியாத பெயரோ கண்ணில் பட்டால் அதை அழிக்காதீர்கள். அது தடயம். சர்வரை அணைக்காமல் நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட்டு, பாதுகாப்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: ஸ்கிரிப்டின் தலையில் போட்ட அந்த நான்கு கட்டளைகளின் வெளியீடு (பாஸ்வேர்டுகளை நீக்கிவிட்டு), பிழை வரி அப்படியே, கடைசியாகச் சரியாக ஓடிய நேரம், அதற்குப் பிறகு நீங்கள் முயன்ற ஒவ்வொன்றும். 777 போட்டிருந்தால் அதையும் சேர்த்து.